முடிவு தேதியும் முதிர்வு தேதியும்

உலகம் அழியப்போகிறது என்று தேதி குறிக்கிறவன் அயோக்கியன், அதை நம்புகிறவன் முட்டாள். நம் வட்டத்தில் இந்த விஷயம் எப்போது வந்தாலும் இரண்டு நிமிஷத்தில் இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த காப்பிக்குப் போய்விடுகிறோம். எனக்கும் ரொம்ப நாள் இதே அபிப்பிராயம்தான். வில்லியம் மில்லரைப் பற்றிப் படித்த பிறகு இது சோம்பேறி நாத்திகம் என்று படுகிறது. அயோக்கியனைத் தேடுகிற மும்முரத்தில், அயோக்கியன் என்று ஒருவன் இல்லாமலேயே இந்தக் காரியம் நடந்தேறும், பணமும் கை மாறும் என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

மில்லரிடம் நான் வந்து சேர்ந்தது ஹாதார்ன் வழியாக. 1843இல் வெளிவந்த 'புதிய ஆதாமும் ஏவாளும்' கதையில், மில்லர் சொன்னது பலித்து மனித குலம் பூராவும் மறைந்துவிடுகிறது. கட்டடங்களும் சாமான்களும் அப்படியே இருக்கின்றன. புதிதாகப் படைக்கப்பட்ட ஒரு ஜோடி பாஸ்டன் தெருக்களில் அலைகிறது. ஓரிடத்தில் இருவரும் பாங்குக்குள் நுழைகிறார்கள். தங்கமும் நோட்டுமாகக் குவிந்து கிடக்கிறது; எதற்கென்று அவர்களுக்கு விளங்கவில்லை. பி.ஏ. வகுப்பில் தாண்டிப்போன இடம் இது. கவுண்டரில் உட்கார்ந்த பிறகு அந்தக் கதையில் எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

மில்லர் நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊரின் விவசாயி. 1812 யுத்தத்தில் காப்டனாக இருந்தவர். வாலிபத்தில் வேதத்தை நம்பாதவர். பிறகு திரும்பி வந்து பைபிளை வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்தவர். தானியேல் புஸ்தகத்தில் வரும் 2300 நாளை 2300 வருஷமாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று கணக்கு முடித்தார். முடித்தது 1818இல். பொதுவில் பேசத் தொடங்கியது 1831இல். பதின்மூன்று வருஷம் தன் கூட்டல் கழித்தலை வெளியில் எடுத்துக்கொண்டு போகத் தயங்கிய மனுஷனை மோசடிக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவரைத் தேசமறியச் செய்தவர் ஜோஷுவா ஹைம்ஸ் என்ற பாஸ்டன் பாதிரி. 1840இல் ஒரு பத்திரிகை, 1842இல் நியூயார்க்கில் இன்னொன்று, ஊர் ஊராகப் போக ஒரு ராட்சசக் கூடாரம். 1844 மே மாசத்துக்குள் ஐம்பது லட்சம் பிரதிகள் அச்சிட்டு விநியோகித்ததாக அவர்கள் தரப்புக் கணக்கு. முந்நூறு பிரதி போட்டு அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நாம் பெருமூச்சு விடவேண்டிய எண்.

இதில் ஸ்வாரஸ்யம், கடைசித் தேதி மில்லருடையது அல்ல என்பது. 1843 மார்ச் 21இலிருந்து ஒரு வருஷத்துக்குள் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அந்த வருஷம் கடந்து போயிற்று. 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ஷைர் முகாமொன்றில் சாமுவேல் ஸ்நோ என்பவர் அக்டோபர் 22 என்று திட்டவட்டமாகச் சொன்னார். கூட்டம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டது. மில்லர் அதற்குச் சம்மதித்தது அக்டோபர் பிறந்த பிறகுதான். தீர்க்கதரிசி ஜனங்களை இழுத்துக்கொண்டு போகிறான் என்று நினைக்கிறோம். இங்கே ஜனங்கள்தான் கிழவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரமில்லை. பிரான்சிஸ் நிக்கல் 1944இல் இதை விரிவாக மறுத்து எழுதினார். அவர் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். இருந்தாலும் அவர் வாதம் நிற்கிறது. நாம் கேலிக்கென்று தேடி எடுக்கிற கதைகளையும் யாராவது தணிக்கை செய்யவேண்டியிருக்கிறது. உண்மையில் நடந்தது அங்கியைவிடச் சாதாரணமானது, அதைவிடக் கனமானது. கடைகளை மூடினார்கள். பொருள்களைக் கொடுத்துத் தீர்த்தார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டார்கள். 23ஆம் தேதி காலையில் குளிர்காலம் எதிரே நின்றது.

ஹைம்ஸ் பணம் சேர்த்துவிட்டார் என்று பத்திரிகைகள் தாக்கின. அவர் குற்றச்சாட்டுகளுக்கு வரிசையாகப் பதில் எழுதி வெளியிட்டார். கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிற சகோதரர்களுக்கு உடனே உதவவேண்டும் என்று தன் பத்திரிகையில் எழுதவும் செய்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு முடியவில்லை. ஆனாலும் பேரேட்டைப் பார்த்தால் நஷ்டம் முழுக்க ஒரே பக்கத்தில் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டவரும் அச்சிட்டவரும் கெட்ட எண்ணமில்லாதவர்கள் என்பதால் அந்தப் பக்கம் குறைந்துவிடவில்லை.

பிற்பாடு அட்வென்டிஸ்டுகள் சொல்லிவந்த ஒரு கதை. உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்ட ஒருவருக்கு அந்த வருஷம் நல்ல விலை கிடைத்ததாம். சீக்கிரம் தோண்டியவர்கள் கிழங்கெல்லாம் அழுகிவிட்டதாம். பொய்த்த வாக்கு ஒரு கிழங்கு வயலிலாவது ஜெயிக்கவேண்டியிருக்கிறது. தேதி சரி, சம்பவம் பூமியில் அல்ல, பரலோகத்தில் நடந்தது என்று ஒரு சாரார் முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சாராரிலிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது.

நம் பக்கத்தில் இவ்வளவு சிரமம்கூட இல்லை. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடியபோது பிரளயம் என்று தேசம் கலங்கியது. ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, யாகம் தடுத்துவிட்டது. அமெரிக்கத் தீர்க்கதரிசி தேதி தப்பினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு விளக்கம் சொல்லியாகவேண்டும். பரிகாரம் செய்கிறவருக்கு விளக்கமே வேண்டாம். உலகம் தப்பித்ததே அவருக்கு ரசீது.

அங்கேயும் பிறகு தொழில் கொஞ்சம் தேறிவிட்டது. ஹெரால்ட் காம்பிங் என்ற சிவில் இன்ஜினியர், 'பாமிலி ரேடியோ' ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் தலைவர், 1994 செப்டம்பரைச் சொல்லித் தவறியவர், 2011 மே 21 என்று மறுபடி சொன்னார். அன்று விசுவாசிகள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், அக்டோபர் 21இல் பூமி எரிந்து போகும். பல தேசங்களில் விளம்பரப் பலகை வைத்தார்கள். ஆயுள் சேமிப்பை அதற்குக் கொட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. காம்பிங் சம்பளம் வாங்காமல் உழைத்தவர், தன் வாக்கை நம்பினவர் என்றே நினைக்கிறேன். ஆனால் ஸ்தாபனத்தின் கணக்குகளை அப்போது ஒரு செய்தி நிறுவனம் எடுத்துப் பார்த்து எழுதியது. 2009இல் நன்கொடை 1 கோடியே 83 லட்சம் டாலர். சொத்து 10 கோடி டாலருக்கு மேல். அதில் 3 கோடியே 40 லட்சம் பங்குப் பத்திரங்களில். ஆண்டறிக்கை தாக்கல் செய்ய மின்னசோட்டா மாநிலத்திடம் அவகாசம் கேட்டிருந்தார்கள். ஜூலை 15 வேண்டாம், நவம்பர் 15 கொடுங்கள் என்று.

இந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. கேட்டு எழுதிய குமாஸ்தாவைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். வானொலியில் ஒரு குரல் உலகத்துக்கு அக்டோபரில் கணக்கு முடிக்கிறது. அதே கட்டடத்தில் ஒரு மேஜைமேல் நவம்பர் நிச்சயமாக இருக்கிறது. இரண்டுக்கும் சண்டையே இல்லை. மே 21 போன பிறகு, பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு, முடிவு இன்னும் வரவில்லையே, ஏன் தரவேண்டும் என்று காம்பிங் சொன்னார். மே மாசம் நடந்தது ஆத்மார்த்தமான தீர்ப்பு என்று விளக்கமும் சொன்னார். 2012 மார்ச்சில் தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் இறந்தார். ஸ்தாபனம் நிலையங்கள் சிலவற்றை விற்றது. மூடவில்லை.

2012 டிசம்பர். நான் வேலையில் சேர்ந்து ஆறு மாசம். ரிடயரான ஒருவர் டெபாசிட் ரசீதை நீட்டி, முடித்துக் கொடுங்கள் தம்பி என்றார். முதிர்வுக்கு இன்னும் பதினாறு மாசம் இருந்தது. ஒரு சதவீதம் வட்டி பிடிப்போம் சார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். 21ஆம் தேதிக்கு முன்னால் கொடுத்துவிடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்பது கவுண்டரில் வழக்கமில்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். ரெவினியூ ஸ்டாம்பில் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பொங்கல் கழித்து வந்தார். முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தொகை. பழைய வட்டி விகிதமே கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். பாரத்தை நானே பூர்த்தி செய்தேன். எத்தனை வருஷத்துக்கு சார் என்றேன்.

"அஞ்சு வருஷம் போடுங்க தம்பி."