அக்காள் முதல் பணியாளர் வரை: நெல்லை, தென்காசி மலையடிவாரத்தில் குழந்தைப் பராமரிப்புப் பணி

முன்னுரை

தென்காசியும் குற்றாலமும் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இம்மலையடிவாரத்தில், பெற்றோரல்லாதார் குழந்தைகளைப் பேணும் பணி ஒரு நூற்றாண்டில் அடைந்த மாற்றத்தை அப்பணியாளர்க்கு வழங்கிய பெயர்களே உணர்த்துகின்றன. உறவுப்பெயர் பதவிப்பெயராக மாறியது. பணிக்குரிய உரிமையோ மெல்லவே பின்தொடர்ந்தது.

உறவுப்பெயர்

அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல், 1901இல் களக்காட்டுப் பகுதியிலுள்ள டோனாவூரில் குழந்தைகளுக்கு அடைக்கலம் அளிக்கத் தொடங்கினார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் நிலையிலிருந்த சிறுமியரே முதலில் சேர்க்கப்பட்டனர். 1918 முதல் சிறுவரும் ஏற்கப்பட்டனர். அங்குக் கார்மைக்கேல் ‘அம்மா’. பிற அயல்நாட்டுப் பெண்கள் ‘சித்தி’. குழந்தைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’. இவ்வழக்கு, வீட்டை இழந்த குழந்தைக்கு உறவை மீட்டளித்தது. எனினும் உறவுக்கு வேலைநேரமும் ஊதியமும் இல்லை. பராமரிப்பு தொழிலாகாமல் அர்ப்பணிப்பாகவே கருதப்பட்டது.

பதவிப்பெயர்

1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் தமிழக அரசு சத்துணவுத் திட்டத்தை ஊர்ப்புறங்களில் நடைமுறைப்படுத்தியது. அங்கன்வாடிப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகிய பதவிகள் சிற்றூர்ப் பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும், வாழ்வாதாரமாயின. ஆயினும் நடுவண் திட்டம் அங்கன்வாடிப் பணியாளர்க்கு அளிப்பது ‘மதிப்பூதியம்’ என்றே குறிக்கப்படுகிறது. அவர்கள் பணிக்கொடை பெற உரிமையுடையோர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல்தான்.

பயிற்சி பெற்ற கைகள்

1975இல் கடற்படை அலுவலர் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தசைச்சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். பள்ளியும் மறுவாழ்வு மையமுமாக வளர்ந்த இச்சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை வீடு தேடிச் சென்று பேணும் முறையையும் மேற்கொண்டது. உள்ளூர்ப் பெண்கள் சமூக மறுவாழ்வுப் பணியாளராகப் பயிற்றுவிக்கப்பட்டனர். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் வழிகாட்ட, இப்பெண்கள் குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் பயிற்சி அளிக்கின்றனர். குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்காமல் வீட்டையே வலுப்படுத்துவது இம்முறையின் சிறப்பு. ‘அக்காள்’ என்னும் நெருக்கத்தோடு தொழிற்பயிற்சியும் மேற்பார்வையும் இங்கு இணைகின்றன.

முடிவுரை

பொறுப்பான பராமரிப்பு என்பது அன்பை மட்டும் சார்ந்ததன்று. பயிற்சி, கண்காணிப்பு, நிலையான ஊதியம் ஆகியன இன்றேல் பணியாளர் நிலைப்பதில்லை. பணியாளர் மாறுந்தோறும் குழந்தை தான் பழகிய முகத்தை இழக்கிறது. ஆகவே பராமரிப்போர் உரிமை குழந்தை நலத்தினின்று வேறானதன்று என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.