குரலும் உயிரும்: தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சை கடந்து வந்த பாதை

1885ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டை நோவு தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் அவர் கல்கத்தாவை அடுத்த காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் முதன்மையானவர் மகேந்திரலால் சர்க்கார். மேலை மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றுப் பின்னர் ஹோமியோபதிக்கு மாறியவர்; 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் அவரே. பேச்சைக் குறைக்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்தினர். பரமஹம்சரோ பேசிக்கொண்டே இருந்தார். 1886 ஆகஸ்டு 16 அன்று மறைந்தார்.

அன்று உலகின் எந்த மூலையிலும் இதற்குப் பெரிய மருந்து இருக்கவில்லை. மறு ஆண்டே செருமானியப் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் குரல் கம்மியது. அறுத்தெடுப்பதா, காத்திருப்பதா என்று செருமானிய மருத்துவர்களும் ஆங்கில மருத்துவர் மோரெல் மெக்கன்சியும் பூசலிட்டனர். 1888 மார்ச்சில் அரியணை ஏறிய பேரரசர் துண்டுக் காகிதங்களில் எழுதியே ஆணையிட்டார். 99 நாள்களில் இறந்தார்.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக அகற்றும் அறுவையை வியன்னாவில் பில்ரோத் 1873இலேயே செய்திருந்தார். அவ்வறுவை மேம்பட்ட பின்னும் அதற்கான விலை மாறவில்லை: கழுத்தில் நிலையான துளை, இயல்பான குரலின் இழப்பு. 1920களில் பாரீசில் ஆன்றி கூத்தார், கதிர்வீச்சை ஒரே நாளில் கொட்டாமல் பல வாரங்களுக்குச் சிறு சிறு அளவுகளாகப் பிரித்துத் தந்தார். தொடக்கநிலைக் கட்டிகள் அதற்குப் பணிந்தன. முற்றிய கட்டிகள் பணியவில்லை.

இணைப்புச் சிகிச்சையின் தேவை இங்கேதான் எழுந்தது. அவ்வெண்ணத்தை மேலை நாடுகளின் தனிச்சொத்தாகக் கருதுவது பிழை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப்புற்றுநோய்க்குப் பிளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்து 1970களிலேயே ஆய்ந்தனர். பின்னர் சிஸ்பிளாட்டின் முன்னுக்கு வந்தது. கதிர்வீச்சு சிதைத்த மரபிழையைப் புற்றணு செப்பனிட்டுக்கொள்வதை இப்பிளாட்டினச் சேர்மம் தடுக்கிறது.

1991இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வு வெளிவந்தது. முற்றிய குரல்வளைப் புற்றுநோயாளர் 332 பேரில் ஒரு சாராருக்கு அறுவையும் கதிர்வீச்சும்; மறு சாராருக்கு முதலில் வேதிச்சிகிச்சை, கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு. ஈராண்டு உயிர்வாழ்வு இரு சாராரிலும் 68 விழுக்காடு. இரண்டாம் சாராரில் 64 விழுக்காட்டினர் குரல்வளையைக் காத்துக்கொண்டனர். இதைப் பலர் உயிர் காத்த வெற்றியாகவே எழுதுகின்றனர். உண்மையில் அது குரல் காத்த வெற்றி. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருந்தையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் பெற்றவர்களில் 88 விழுக்காட்டினர் ஈராண்டின் முடிவில் குரல்வளையை இழக்கவில்லை. உயிர்வாழ்வில் அங்கும் வேறுபாடு இல்லை.

உயிர்வாழ்வின் ஆதாயம் புலப்பட, தலை, கழுத்துப் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தது. 17,000க்கும் மேற்பட்ட நோயாளர்களின் தரவைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், உடனிகழ் சிகிச்சையால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 6.5 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது தெரிந்தது. நூறு பேரில் ஆறேழு பேர். சிறிய எண்ணன்று.

ஆயின் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்குவது. முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் அதைத் தர இயலாது. இந்தியப் புறநோயாளர் பிரிவுகளில் அத்தகையோர் மிகுதி. பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர். பலருக்குக் கதிர்வீச்சு மட்டுமே கிடைத்துவந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சிஸ்பிளாட்டின் ஏற்கத் தகாத தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 356 பேரில் ஒரு பாதியினருக்குக் கதிர்வீச்சுடன் டோசிடாக்சல் வாரம் ஒருமுறை குறைந்த அளவில் தரப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி ஈராண்டு உயிர்வாழ்வு 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 ஆனது. கடும் வாய்ப்புண்ணும் விழுங்கும் வலியும் கூடின; உணவுக்குழாய் வைத்தேனும் சிகிச்சையை முடிக்கவேண்டிய நிலை சிலருக்கு. காப்புரிமை நீங்கிய பழைய மருந்து என்பதால் இது அரசு மருத்துவமனைகளுக்கும் எட்டக்கூடியது.