சிறு தோட்டாவின் வரலாறு

முயலை வீழ்த்துவதற்கு யானைத் துப்பாக்கி வேண்டியதில்லை. ஆனால், முயலுக்கு எவ்வளவு போதும் என்பதைத் தெளிந்து கொள்வதற்கு மேலை நாட்டாருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விளைநிலத்தை அழிக்கும் சிறு பிராணிகளைக் கொல்லவும், கறிக்காக முயலும் அணிலும் வேட்டையாடவும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கமக்காரர் கையாண்டு வந்தது விளிம்புவெடித் தோட்டா. அதன் வரலாறு மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு வேகத்தை நாடிய வரலாறாகத் தோன்றும். கூர்ந்து நோக்குவோர்க்கோ அஃது அளவை நாடிய வரலாறாகவே விளங்கும்.

முதலில் இத்தோட்டாவின் அமைப்பை அறிதல் வேண்டும். மெல்லிய பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் சற்றே புறம் நீண்ட விளிம்பு. அவ்விளிம்பின் உள்ளே, அடிபட்டவுடன் தீப்பற்றும் மருந்து அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அம்மருந்து பற்றிக் கூட்டினுள் இருக்கும் வெடிமருந்தை எரிக்கின்றது. வாயில் பொருத்திய சன்னம் குழல்வழியே பாய்கின்றது. செய்வது எளிது, விலையும் மலிவு. குறையும் அதே இடத்திலேதான் இருக்கின்றது. விளிம்பு நசுங்க வேண்டுமாயின் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளையோ பெரும் அமுக்கத்தைத் தாங்காது. ஒருமுறை வெடித்த கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதும் வழக்கமன்று.

இதற்கு வித்திட்டவர் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் லூயி நிக்கொலா புளோபேர் என்பவர். 1845இல் அவர் ஒரு சிறு வெடிமூடியின் வாயிலே சன்னத்தைப் பொருத்தினார். வேறு வெடிமருந்தே இல்லை. மூடியிலிருந்த மருந்து ஒன்றே சன்னத்தைச் செலுத்திற்று. செல்வர் தம் மாளிகைக் கூடங்களில் குறிபார்த்துச் சுட்டு மகிழ அது பயன்பட்டது. அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் அக்கருத்தை வளர்த்து, கூட்டை நீட்டி, உள்ளே கரிமருந்தும் இட்டு, 1857இல் 0.22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். ‘ஷோர்ட்’ எனப் பின்னர் பெயர் பெற்ற அதன் சன்னம் 29 கிறேயின் நிறையுடையது. ஓர் இறாத்தலை 7,000 கூறாக்கினால் ஒரு கூறே ஒரு கிறேயின். எத்துணைச் சிறியது என்பதை இதனால் உணரலாம்.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஸ்பென்சர், ஹென்றி என்னும் துப்பாக்கிகள் பெரிய விளிம்புவெடித் தோட்டாக்களையே பயன்படுத்தின. எனினும் வலிய வெடிமருந்துக்கு அந்த மெல்லிய கூடு ஈடுகொடுக்கவில்லை. அடியின் நடுவே வெடிமூடியைக் கொண்ட தடித்த கூட்டுத் தோட்டா வந்ததும், பெரியவை போர்க்களத்தையும் பெருவேட்டையையும் விட்டு மறைந்தன. சிறியது மாத்திரம் நிலைத்தது. அணிலுக்கும் முயலுக்கும் அந்த மெல்லிய கூடு தாங்கும் வலிமையே போதுமானதாயிற்று.

1871இல் கூடு சற்று நீண்ட ‘லோங்’ வந்தது. 1887இல் அக்கூட்டிலேயே 40 கிறேயின் சன்னத்தைப் பொருத்தி, ‘லோங் றைபிள்’ என்னும் தோட்டாவை ஸ்ரீவன்ஸ் நிறுவனத்தார் உருவாக்கினர். கனத்த சன்னம் தன் வேகத்தை நெடிது காத்து நேரே சென்றது. பின்னர்ப் புகையற்ற மருந்தும், 1920களின் பிற்பகுதியில் குழலைத் துருப்பிடிக்கச் செய்யாத விளிம்பு மருந்தும் சேர்ந்தன. 1930 அளவில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,250 அடி செல்லும் விரைவு வகையும் தோன்றியது.

இத்தோட்டாவின் பயனை அவுஸ்திரேலியா நன்கு அறிந்தது. 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வருவித்து விக்ரோறியா மாநிலத்தில் விட்ட முயல்கள் பல்கிப் பெருகிப் புல்வெளிகளை மொட்டையாக்கின. ஆட்டு மந்தைக்காரர்க்கு அது பேரிடர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர்க்கோ அதே முயல் கறியாயிற்று, தோல் காசாயிற்று. தோட்டா ஒன்றின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியவனுக்கு மலிவே முதற் சிறப்பு. தலையில் பட்டால் கறி கெடாது, ஓசையும் சிறிது. 1950இல் மிக்சொமற்ரோசிஸ் நோய்க்கிருமியைப் பரப்பிய பின்னரே முயல் தொகை பெருமளவில் வீழ்ந்தது. பெருந்திரளை ஒழிக்கத் துப்பாக்கியால் இயலவில்லை என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது.

‘லோங் றைபிள்’ தோட்டாவுக்கு எல்லை உண்டு. 50 யாருக்குக் குறிபொருத்திய துப்பாக்கியின் சன்னம் 100 யாரில் ஏறத்தாழ 6 அங்குலம் தாழ்ந்து படும். தொலைவைத் தவறாகக் கணித்தவன் பிராணியைக் கொல்லான், காயப்படுத்துவான். இக்குறையை நீக்க 1959இல் ‘வின்செஸ்ரர் மக்னம்’ வந்தது. நீளமும் அகலமும் கூடிய கூட்டிலிருந்து 40 கிறேயின் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,900 அடி பாய்ந்தது. ஆற்றல் இரு மடங்குக்கு மேலாயிற்று. 2002இல் ஹோர்னடி நிறுவனத்தார் அக்கூட்டின் கழுத்தை ஒடுக்கி, 0.17 அங்குலச் சன்னம் ஒன்றைப் பொருத்தினர். அதன் நிறை 17 கிறேயின். வேகமோ 2,550 அடி. அமெரிக்கப் புல்வெளிகளில் வளைதோண்டி வாழும் கொறிப்பிராணிகளை 150 யார் தொலைவிலும் வீழ்த்த அது உதவியது.

ஆயினும் வேகம் விலையின்றி வருவதில்லை. அவ்விரைந்த சன்னம் உடலினுள் சிதறுகின்றது. பயிரழிக்கும் பிராணிக்கு அது விரைந்த மரணம், ஆனால் கறிக்கு வீழ்த்தும் அணிலில் உண்பதற்கு ஒன்றும் எஞ்சாது. மக்னத்தின் விலையும் பன்மடங்கு. ஆகவே, அருகிலுள்ள முயலுக்கும் அணிலுக்கும் ‘லோங் றைபிள்’, நடுத்தொலைவில் சற்றுப் பெரிய பிராணிக்கு மக்னம், திறந்த வெளியில் தொலைவிலுள்ள சிறு குறிக்கு 0.17 என்று வேட்டுவர் வகுத்துக் கொண்டனர். சிறியது என்று எண்ணி அசட்டையாக இருத்தலும் தகாது. ‘லோங் றைபிள்’ சன்னம் ஒன்றரை மைல் வரை செல்லவல்லது. கல்லிலும் நீரிலும் பட்டுத் திசைமாறிப் பாயவும் கூடும்.

புதியவை பல வந்தும் 1887இல் தோன்றிய தோட்டா வழக்கொழியவில்லை. விலைக்கும் வேலைக்கும் ஏற்ற அளவில் அஃது அமைந்தமையே அதற்குக் காரணம். எந்தத் தோட்டா வலியது என்று கேட்பவனிலும், தன் கண்ணும் கையும் எத்தனை யார் வரை பிழையாதன என்று அறிந்தவனே நல்ல வேட்டுவன். துன்புறுத்தாமல் கொல்லும் பொறுப்பு இறுதியில் அவனுடையதேயாம்.