இப்ராகிமோவிச் - மிலான் ஒப்பந்தப் பேச்சுகள்

இப்ராகிமோவிச் - மிலான் ஒப்பந்தப் பேச்சுகள் என்பது சுவீடன் நாட்டு முன்கள வீரர் ஸ்லாத்தன் இப்ராகிமோவிச்சுக்கும் இத்தாலியின் ஏசி மிலான் காற்பந்துக் கழகத்துக்கும் இடையே 2019 டிசம்பர் முதல் 2022 ஜூலை வரையான காலத்தில் நிகழ்ந்த நான்கு ஒப்பந்தப் பேச்சுகளைக் குறிக்கும். முதல் ஒப்பந்தத்தின்போது அவருக்கு வயது 38. நான்காவது ஒப்பந்தத்தின்போது வயது 40. நான்காவது ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவரது இடது முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்து எட்டு வாரங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. வயது ஏறிய, அடிக்கடி காயமுறும் ஓர் ஆட்டக்காரரைக் கழகம் எதற்காகத் தக்கவைத்துக் கொள்கிறது, காயத்தால் நேரும் இழப்பை யார் ஏற்கிறார்கள் ஆகிய இரு கேள்விகளுக்கும் இப்பேச்சுகள் தெளிவான எடுத்துக்காட்டாக அமைகின்றன.

விதிகளும் வழக்கமும்

பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகளின்படி, தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் ஒப்பந்தம் குறைந்தது நடப்புப் பருவத்தின் முடிவு வரையிலும், மிகுந்தால் ஐந்து ஆண்டுகள் வரையிலும் நீடிக்கலாம். ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதங்கள் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கழகத்துடன் உடன்பாடு செய்துகொள்ள உரிமை உண்டு. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுத்தொகை ஏதுமின்றி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு கழகத்துக்குச் செல்ல முடிகிறது.

இவ்விதிகளில் வயதைக் குறிப்பிடும் இடம் ஒன்று உண்டு. காரணமின்றி ஒப்பந்தத்தை முறித்தால் விளையாட்டுத் தடை விதிக்கப்படும் 'பாதுகாப்புக் காலம்', 28 வயதுக்கு முன் செய்த ஒப்பந்தங்களுக்கு மூன்று ஆண்டுகளாகவும், அதன் பின் செய்தவற்றுக்கு இரண்டு ஆண்டுகளாகவும் உள்ளது. மற்றொரு விதி, ஒப்பந்தம் செல்லுபடியாவதை மருத்துவச் சோதனையின் முடிவைப் பொறுத்ததாக வைக்கக்கூடாது என்கிறது. அதாவது கழகம் முதலில் உடலைச் சோதித்துவிட்டுப் பின்னர்தான் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு முழங்கால் பழுதெனக் கூறிப் பின்வாங்க முடியாது.

இதனால் காயமுறும் ஆட்டக்காரரைப் பொறுத்தவரை கழகத்தின் கையில் உள்ள கருவிகள் மூன்றே. ஒப்பந்தக் காலத்தைச் சுருக்கலாம், அடிப்படை ஊதியத்தைக் குறைக்கலாம், ஆடும் போட்டிகளுக்கும் அடிக்கும் கோல்களுக்கும் ஏற்ப ஊக்கத்தொகை வைக்கலாம். 2009 ஜூலையில் மைக்கேல் ஓவன் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் சேர்ந்தபோது, 'ஆடினால் ஊதியம்' என்னும் இம்முறையிலேயே அவரது ஒப்பந்தம் அமைந்ததாகச் செய்திகள் வந்தன. ஒப்பந்தம் உயிருடன் இருக்கும்வரை காயமுற்றவருக்கும் அடிப்படை ஊதியம் உண்டு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே காயம் எந்த மாதத்தில் நேர்கிறது என்பது ஆட்டக்காரரின் வாழ்வில் பெரிய செய்தி.

மான்செஸ்டரும் லாஸ் ஏஞ்சலசும்

மிலான் பேச்சுகளைப் புரிந்துகொள்ள 2017-ஆம் ஆண்டை அறிதல் வேண்டும். பாரிஸ் சான் ஜெர்மேனில் நான்கு பருவங்கள் ஆடிய இப்ராகிமோவிச், 2016 ஜூலையில் ஓராண்டு ஒப்பந்தத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் சேர்ந்தார். அப்பருவத்தில் அனைத்துத் தொடர்களிலும் சேர்த்து 46 போட்டிகளில் 28 கோல்கள் அடித்தார். 2017 ஏப்ரல் 20 அன்று ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிரான யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், பந்துக்காக எழும்பித் தரையிறங்கும்போது வலது முழங்கால் மடங்கிச் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 35. ஒப்பந்தம் முடிய எஞ்சியிருந்தவை பத்து வாரங்கள்.

ஜூன் 9 அன்று வெளியான விடுவிக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதே கோடையில் கழகம் பெரும் மாற்றுத்தொகை கொடுத்து ரொமேலு லுக்காக்குவை வாங்கி, இப்ராகிமோவிச் அணிந்த 9-ஆம் எண்ணை அவருக்கு அளித்தது. எனினும் இப்ராகிமோவிச் அக்கழகத்தின் பயிற்சி மையத்திலேயே உடல்நலம் தேறி வந்தார். ஆகஸ்ட் 24 அன்று ஓராண்டுக்கு மீண்டும் ஒப்பந்தமானார், எண் 10. நவம்பர் 18 அன்று களத்துக்குத் திரும்பினாலும் அப்பருவத்தில் ஏழு போட்டிகளில் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது. 2018 மார்ச்சில் இரு தரப்பும் இசைந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன.

அடுத்து அவர் சேர்ந்த எல்.ஏ. கேலக்சி கழகத்தில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் வீரர்கள் சங்கமே அனைவரின் ஊதியத்தையும் வெளியிடுவதால் இங்கு ஊகத்துக்கு இடமில்லை. 2018-இல் அவரது ஊதியம் 15 இலட்சம் டாலர். லீக் போட்டிகள் 27-இல் 22 கோல்கள் அடித்து முழங்கால் தாங்கும் எனக் காட்டிய பின், 2019-இல் அது ஏறத்தாழ 72 இலட்சம் டாலராக உயர்ந்தது. முதல் ஆண்டில் ஐயத்தின் விலையை ஆட்டக்காரர் செலுத்தினார். இரண்டாம் ஆண்டில் கழகம் அதைத் திருப்பிச் செலுத்தியது என்று கொள்ளலாம்.

மிலானுக்குத் திரும்புதல்

2019 டிசம்பர் 22 அன்று மிலான் அணி அட்டலான்டாவிடம் 0-5 என்ற கணக்கில் தோற்றது. ஐந்து நாட்கள் கழித்து இப்ராகிமோவிச்சின் வருகை அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தம் பருவத்தின் முடிவு வரை மட்டுமே, அதாவது ஏறத்தாழ ஆறு மாதங்கள். 2010 முதல் 2012 வரை இதே கழகத்தில் ஆடி 2010-11 பருவத்தின் சீரீ ஆ பட்டத்தை வென்றவர் அவர். அதன் பிறகு மிலான் அப்பட்டத்தை வென்றிருக்கவில்லை.

கழகத்தின் தரப்பில் பேசியவர்கள் தொழில்நுட்ப இயக்குநர் பாவ்லோ மால்தீனி உள்ளிட்டோர். மால்தீனி தாமே மிலானுக்காக 40 வயது வரை ஆடியவர் என்பது இங்கு கருதத்தக்கது. ஆட்டக்காரரின் தரப்பில் பேசியவர் மினோ ராயோலா. கடுமையான பேரத்துக்குப் பெயர்பெற்ற முகவர்.

ஊதியப் பேச்சில் இத்தாலியின் தனி வழக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். அங்குள்ள இதழ்கள் ஊதியத்தை வரி போக மீதியாகவே எழுதுகின்றன. கழகத்தின் உண்மையான செலவு அதனினும் மிகுதி. 2019-இல் வந்த 'வளர்ச்சி ஆணை' என்னும் சட்டம், வெளிநாட்டிலிருந்து இத்தாலிக்கு வந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்கும் தொழில்முறை வீரர்களின் வருமானத்தில் பாதிக்கு வரிவிலக்கு அளித்தது. உயர்ந்த ஊதியம் பெறும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கழகங்கள் அழைத்துவர இது பெரிதும் உதவியது. புதிதாக வருவோருக்கு இச்சலுகை 2023-இன் முடிவில் நிறுத்தப்பட்டது.

2020, 2021 புதுப்பிப்புகள்

பெருந்தொற்றினால் 2020-இல் பருவம் இடைநின்றது. மே மாதப் பயிற்சியில் இப்ராகிமோவிச்சின் கெண்டைக்கால் தசை காயமுற்றது. மேலாளர் ஸ்டெஃபானோ பியோலியை நீக்கி ரால்ஃப் ராங்னிக்கைக் கொண்டுவரக் கழகம் எண்ணுகிறது என்ற செய்தியும் பரவியிருந்தது. அவ்வாறு நடந்திருந்தால் மூத்த வீரர் ஒருவருக்கு அணியில் இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் மீண்டும் தொடங்கிய லீக்கின் 12 போட்டிகளில் மிலான் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஜூலை 21 அன்று பியோலியே தொடர்வார் என அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 31 அன்று இப்ராகிமோவிச் 2021 ஜூன் வரை கையெழுத்திட்டார். வரி போக ஏறத்தாழ 70 இலட்சம் யூரோ என இத்தாலிய இதழ்கள் எழுதின.

2020-21 பருவத்தின் 38 லீக் போட்டிகளில் அவர் ஆடியவை 19. நவம்பரில் தொடைத் தசைக் காயம், அதற்கு முன் கொரோனாத் தொற்று எனப் பாதிப் பருவம் கழிந்தது. ஆயினும் அந்த 19 போட்டிகளில் 15 கோல்கள் அடித்தார். பாதி நாட்கள் இல்லாத ஒருவர் இருக்கும் நாட்களில் இத்தனை கோல் அடித்தால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது? 2021 ஏப்ரல் 22 அன்று மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்ததே மிலானின் விடை. மூன்றாம் வாரத்திலேயே, மே 9 அன்று யுவென்டஸ் அணிக்கு எதிரான போட்டியில் முழங்கால் காயமுற்று, சுவீடனுக்காக ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தார்.

இதே கோடையில் மிலான் 22 வயதுக் கோல்காப்பாளர் ஜியான்லூயிஜி டொன்னரும்மாவையும் 27 வயது நடுக்கள வீரர் ஹக்கான் சல்ஹானொக்லுவையும் ஒப்பந்தம் முடிந்து மாற்றுத்தொகையின்றிப் போகவிட்டது. இளையவர்கள் கேட்டது பல ஆண்டுகளுக்கான பெரும் ஊதியம். அதைக் கொடுக்க மறுத்த கழகம் 39 வயதுக்காரருக்கு இசைந்தது முரணாகத் தோன்றலாம். ஓராண்டு ஒப்பந்தத்தில் தவறு நேர்ந்தாலும் இழப்பு ஓராண்டோடு நின்றுவிடும் என்பதே இதன் விளக்கம். காப்பாகக் கழகம் 2021 ஜூலையில் செல்சி கழகத்திலிருந்து ஒலிவியே ஜிரூவையும் எடுத்திருந்தது.

2022: நான்காவது பேச்சு

2021-22 பருவத்தில் இப்ராகிமோவிச் 23 லீக் போட்டிகளில் 8 கோல்கள் அடித்தார். பலவற்றில் மாற்று வீரராகவே இறங்கினார். 2022 மே 22 அன்று சசுவோலோவை 3-0 என வென்று மிலான் பட்டம் பெற்றது. மூன்று நாட்கள் கழித்து பிரான்சின் லியோன் நகரில் அவரது இடது முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. களத்துக்குத் திரும்ப ஏழு முதல் எட்டு மாதங்கள் ஆகும் எனக் கழகம் அறிவித்தது.

அதன் பின்னரே அவர் முழு நிலையையும் வெளியிட்டார். முந்தைய ஆறு மாதங்கள் முன்புறச் சிலுவைத் தசைநார் இல்லாத முழங்காலுடன் ஆடியதாகவும், வாரந்தோறும் முழங்காலில் சேர்ந்த நீர் வெளியேற்றப்பட்டதாகவும், இருபதுக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டதாகவும், நாள்தோறும் வலிநீக்கி உட்கொண்டதாகவும், அந்த ஆறு மாதங்களில் அணியுடன் பத்து முறை மட்டுமே பயிற்சி செய்ய முடிந்ததாகவும் எழுதினார். தோழர்களையும் பயிற்சியாளரையும் பட்டம் வெல்லச் செய்வேன் எனக் கொடுத்த வாக்கே இதற்குக் காரணம் என்றார்.

அவரது ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிந்தது. ஏப்ரல் 30 அன்று ராயோலா காலமாகியிருந்ததால் நெடுநாள் முகவரும் அருகில் இல்லை. கழகத்தின் பக்கத்திலும் தடுமாற்றம் இருந்தது. மால்தீனியின் சொந்த ஒப்பந்தமும் அதே ஜூன் 30 அன்று முடிவதாக இருந்து, அந்த நாளில்தான் புதுப்பிக்கப்பட்டது. கழகமோ எலியட் நிறுவனத்திடமிருந்து ரெட்பேர்ட் நிறுவனத்துக்குக் கைமாறிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் மிலானின் பழைய நிகழ்வு ஒன்று ஒப்பிடத்தக்கது. 2008 பிப்ரவரியில் லிவோர்னோவுக்கு எதிரான போட்டியில் பிரேசில் வீரர் ரொனால்டோவின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. அவருக்கு வயது 31. ஜூன் மாதம் முடிந்த ஒப்பந்தத்தை மிலான் புதுப்பிக்கவில்லை; அவர் ஆண்டின் இறுதியில் பிரேசிலின் கொரிந்தியான்சில் சேர்ந்தார். உடலை மட்டும் கணக்கிட்டால் 40 வயது இப்ராகிமோவிச்சுக்கும் அதே விடைதான் கிடைத்திருக்க வேண்டும்.

ஜூலை 18 அன்று மிலான் 2023 ஜூன் வரை அவரை ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. தொகையைக் கழகம் வெளியிடவில்லை. அடிப்படை ஊதியம் 10 முதல் 15 இலட்சம் யூரோ அளவில் இருக்கும், ஆடும் போட்டிகளுக்கேற்ப ஊக்கத்தொகை சேரும் என்று இத்தாலிய இதழ்கள் எழுதின. இது உண்மையாயின் முந்தைய ஊதியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பருவத்தின் முதற்பாதி முழுவதும் அவர் ஆடப்போவதில்லை என்பது இரு தரப்பும் அறிந்ததே. ஆகவே அந்த அடிப்படை ஊதியம் கோல்களுக்கானது அன்று. உடைமாற்றும் அறையில் இளம் வீரர்களிடையே அவர் இருப்பதற்கானது எனலாம். ஆட்டக்காரருக்கோ, கழகத்தின் மருத்துவர்களிடமே தேறி, களத்திலிருந்து விடைபெற ஒரு வாய்ப்பு கிடைத்தது.

நிறைவேற்றம்

2022 செப்டம்பரிலும் 2023 பிப்ரவரியிலும் சாம்பியன்ஸ் லீக்கிற்கான பட்டியலில் மிலான் அவரைச் சேர்க்கவில்லை. அப்பட்டியலில் 25 பேருக்கே இடம்; அவற்றிலும் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயின்றோருக்கு உரியவை. 2023 பிப்ரவரி 26 அன்று அட்டலான்டாவுக்கு எதிராக மாற்று வீரராகக் களம் திரும்பினார். மார்ச் 18 அன்று உதினேசே அணிக்கு எதிராகத் தண்டனை உதையில் கோல் அடித்து, 41 ஆண்டு 166 நாள் வயதில் சீரீ ஆவில் கோல் அடித்த மிக மூத்தவர் ஆனார். முந்தைய சாதனை மிலானின் அலெசாண்ட்ரோ கோஸ்டகூர்த்தாவுடையது. ஏப்ரலில் போட்டிக்கு முந்தைய உடற்பயிற்சியின்போது கெண்டைக்கால் மீண்டும் காயமுற்றது. அவ்வொப்பந்தத்தின் கீழ் அவர் ஆடியவை மொத்தம் நான்கு போட்டிகள், அடித்தது ஒரு கோல்.

2023 ஜூன் 4 அன்று வெரோனாவுக்கு எதிரான கடைசிப் போட்டி முடிந்ததும் சான் சீரோ அரங்கில் விடைபெற்றார். மிலானிலிருந்து மட்டும் விலகுவார் என எதிர்பார்க்கப்பட்ட நிலையில், காற்பந்திலிருந்தே ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அடுத்த சில நாட்களில் மால்தீனியும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ரெட்பேர்ட் நிறுவனம் இப்ராகிமோவிச்சை மிலான் உரிமையாளர்களின் மூத்த ஆலோசகராக அமர்த்தியது.