ஞாயிற்றின் கொடை: யவனத் தெய்வப் பெயர்களும் தமிழர் பெயரிடு மரபும்

தாம்பரத்திலிருந்து வண்டலூரைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மறைமலை நகர் அமைந்துள்ளது. ஒருவர் தம் பெயரைத் தாமே மொழிபெயர்த்துக்கொண்டமையால் தோன்றிய ஊர்ப்பெயர் அது. பல்லாவரத்தில் வாழ்ந்த சுவாமி வேதாசலம், 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டு மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி அடிகளாயிற்று. அவருக்கு முன்னரே, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவருடன் தமிழ் கற்பித்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரைப் புனைந்துகொண்டார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞராகவும் அப்பெயரில் உருமாறினர். அவ்விருவரும் பணியாற்றிய கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. ஆகவே, பெயரின் ஒலி பெரிதா, பொருள் பெரிதா என்னும் வினா இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு நெருங்கிய உறவுடையது.

அவ்வினா இன்று வேறொரு கோலத்தில் மீண்டும் எழுகின்றது. பிறந்த குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருள் சிலர், உள்நாட்டுப் புராணங்களோடு நில்லாமல் கிரேக்கப் புராணங்களையும் புரட்டிப் பார்க்கின்றனர். ஐரிஸ், செலீன், டாப்னி போன்ற பெயர்கள் அவர்தம் செவிக்கு இனிமையாக உள்ளன. இதனை அயல்மோகம் எனக் கடிவார் உளர். பெற்றோர் உரிமை எனப் பரிவார் உளர். யவனத் தெய்வங்களின் பெயர்கள் தமிழ் நிலத்திற்கு வந்து நெடுங்காலமாயிற்று என்பதை இரு சாராருமே எண்ணிப் பார்ப்பதில்லை.

கிரேக்கர்தம் பெயர்களுள் கணிசமானவை தெய்வத்தை உள்ளடக்கியவை. ஈலியோடோரஸ் என்பதற்கு 'ஈலியோஸ் என்னும் ஞாயிற்றுக் கடவுளின் கொடை' என்பது பொருள். வடமொழியின் தேவதத்தன் என்னும் பெயரும் இவ்வாறு அமைந்ததே. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், தட்சசீலத்தைச் சேர்ந்த ஈலியோடோரஸ் என்னும் யவனத் தூதர், மத்தியப் பிரதேசத்து விதிசைக்கு அருகில் வாசுதேவனுக்குக் கருடத்தூண் ஒன்றை நிறுவினார். அத்தூணில் பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அவரைப் பாகவதர் என்றே குறிக்கின்றது. திருமாலை வழிபட்ட அவர், தம் தந்தை இட்ட பெயரைக் கைவிட்டாரல்லர். வழிபாடு மாறியது, பெயர் நிலைத்தது. ஒருவர் பெயரில் வாழும் தெய்வம் அவர் நெஞ்சிலும் வாழவேண்டுமென்பதில்லை என்பதற்கு இது பழஞ்சான்று.

தென்னாட்டுக் கடற்கரையிலும் இத்தகைய பெயர்கள் உலவின. வியன்னாவில் பாதுகாக்கப்பெற்று, 1985-இல் வெளியிடப்பெற்ற கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுச் சுவடி, முசிறி வாணிகத்தைப் பற்றியது. அதில் காணப்படும் கப்பலின் பெயர் எர்மப்பொல்லோன். வணிகர்க்குக் காவலான எர்மிஸ், ஒளிக்கும் மருத்துவத்திற்கும் உரிய அப்பொல்லோ ஆகிய இரு தெய்வங்களும் அவ்வொரு பெயரில் இணைந்துள்ளனர். எதிர்த்திசையில் சென்ற தமிழர் பெயர்களும் கிடைத்துள்ளன. எகிப்தின் செங்கடற்கரையில், குசைர் அல்-காதிம் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. அவற்றைக் கண்ணன், சாத்தன் எனக் கொள்வர். அவையும் தெய்வப் பெயர்களே. கடலின் இரு கரைகளிலும் தெய்வங்கள் மனிதர் பெயராகவும் மரக்கலத்தின் பெயராகவும் பயணம் செய்தன. எனினும், யவனரைப் பற்றிப் பல இடங்களில் பேசும் சங்கப் பாடல்கள், தனியொரு யவனனின் பெயரைக்கூட நமக்குத் தரவில்லை. மதுவும் விளக்கும் பொன்னும் பாட்டில் ஏறின, பெயர் ஏறவில்லை.

யவனத் தெய்வப் பெயர்கள் தமிழ்க் குழந்தைகளுக்கு வாய்த்தது கிறித்தவத்தின் வழியாகவே. தொடக்கக் காலக் கிறித்தவர் பழைய தெய்வங்களைத் துறந்தனரேயன்றி, அத்தெய்வங்களைச் சுட்டிய தம் பெயர்களைத் துறக்கவில்லை. பவுலடிகள் உரோமையர்க்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்துரைக்கும் பெண்மணியின் பெயர் பெபே; 'ஒளியுடையாள்' எனப் பொருள்படும் அது, முதுபெருந் தெய்வங்களான தைத்தானியருள் ஒருத்தியின் பெயர். விவிலியத் தமிழ் அவரைப் பெபேயாள் ஆக்கியது. தெமேத்திரியு என்பது தானியத் தாயான தெமித்தருக்கு உரியவன் என்பதாகும். தியோனீசியஸ் என்னும் பெயர் மதுவின் கடவுளான தியோனிசசிலிருந்து பிறந்து, புனிதர் ஒருவரால் புகழ்பெற்று, டென்னிஸ் எனச் சுருங்கியது. மார்ட்டின் என்பதில் உரோமரின் போர்த்தெய்வமான மார்ஸ் உறைகின்றான். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த காலந்தொட்டுத் திருமுழுக்குப் பெயர்கள் தமிழகத்தில் பெருகின. டென்னிஸ், மார்ட்டின் எனத் தம் மைந்தரை அழைக்கும் தமிழ்த் தாயர்க்கு மதுக்கடவுளோ போர்க்கடவுளோ நினைவில் எழுவதில்லை. அவர்கள் அறிந்தவர் புனிதர். அவர்கள் கண்முன் நிற்பது பிள்ளை.

இப்பெயர்வரவை எதிர்கொண்ட தமிழ், இரு நெறிகளைக் கைக்கொண்டது. ஒன்று ஒலியைத் தன் இயல்புக்கேற்பத் திரிப்பது. வடசொற்களைத் தமிழெழுத்தால் வழங்குதற்குத் தொல்காப்பியம் வகுத்த நெறியின் நீட்சி அது. மற்றொன்று பொருளைப் பெயர்ப்பது. பவுல் என்னும் இலத்தீன் பெயர்க்குச் 'சிறியவன்' என்பது பொருளாதலின், அவர் சின்னப்பர் ஆனார். இறையருளைச் சுட்டும் பெயருடைய யோவான் அருளப்பர் ஆனார். 'பெருகச் செய்வான்' என்னும் பொருளுடைய யோசேப்பு, வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளன் என்னும் அழகிய பெயர் பெற்றார். கான்ஸ்டன்டைன் என்னும் பெயரோடு இத்தாலியிலிருந்து வந்த அம்முனிவரே முதலில் தைரியநாதர் எனவும், பின்னர் வீரமாமுனிவர் எனவும் வழங்கப்பெற்றார். மறைமலையடிகளும் பரிதிமாற் கலைஞரும் வடமொழிப் பெயர்களுக்குச் செய்ததை, கிறித்தவத் தமிழ் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே மேலைப் பெயர்களுக்குச் செய்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பெயரிடும் உரிமை சமயத்தின் கையிலிருந்து அரசியலின் கைக்கும் சென்றது. 1931–32-இல் சோவியத் நாட்டைக் கண்டு திரும்பிய பெரியார், குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ எனப் பெயரிட்டார். 1953 மார்ச் திங்கள் முதல் நாளில் பிறந்த மு. கருணாநிதியின் மகனுக்கு, அவ்வாரத்திலேயே மறைந்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயர் வாய்த்தது. சாக்ரடீஸ், பிளாட்டோ என்னும் பெயர்களும் தமிழ் வீடுகளில் ஒலித்தன. கிரேக்கத்தின் தெய்வங்களை விடுத்து அதன் சிந்தனையாளரைத் தெரிந்தெடுத்த காலம் அது. அப்பெயர்களை இட்டவர்கள் ஓசைக்காக இட்டாரல்லர். தாம் போற்றிய கொள்கை இன்னது என்பதைத் தெளிந்தே இட்டனர்.

வரலாறு காட்டும் வேறுபாடு இதுவே. அயற்பெயர் வருவதால் தமிழுக்கு இழுக்கில்லை. பொருளறியாது வருமாயின் அப்பெயர் வெற்றோசையாய் நிற்கும். இராமகாதையை அறிந்த தமிழர் எவரும் தம் மகளுக்குக் கைகேயி எனப் பெயரிட விரும்பார். கதை தெரிந்திருத்தலே அங்கே காவல். கசாந்திரா என்னும் பெயரின் இனிமையில் மயங்குவோர், அவள் மெய்யே உரைத்தும் எவராலும் நம்பப்படாத பேதை என்பதை அறிதல் வேண்டும். டாப்னி, தன்னைத் துரத்திய அப்பொல்லோவுக்கு அஞ்சி மரமாகிப்போனவள். இவற்றை அறிந்த பின்னும் ஒரு தாய் அப்பெயரை விரும்புவாளாயின், அஃது அவள் தெரிவு.

புலவரையும் தமிழாசிரியரையும் நாடிக் குழந்தைக்குப் பெயர் கேட்பது தமிழ்நாட்டில் இன்றும் உள்ள வழக்கம். செலீன் என்னும் பெயரோடு வருவோரிடம் சினங்கொள்வதால் பயனில்லை. செலீன் என்றால் நிலா. ஐரிஸ் என்றால் வானவில். ஈயோஸ் என்றால் வைகறை என எடுத்துரைத்தல் கவிஞர் கடன். அதனைக் கேட்டபின் அவர்கள் தம் மகளை நிலா என அழைக்கக்கூடும். செலீன் என்றே அழைக்கவும் கூடும். எதுவாயினும், அப்பெயரின் பொருளை அவளுக்குச் சொல்லத் தெரிந்த பெற்றோராக அவர்கள் இல்லம் திரும்புவர்.