சரக்கோடு கரைந்த உறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள சுங்கை பாக்காப் கரும்பால் எழுந்த ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனர் இங்கே கரும்பு போட்டார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கரும்பு நின்ற இடத்தில் பால்மரம், அதாவது ரப்பர், வந்தது. அருகே தோட்டமாக இருந்த வால்டோரில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. இத்தகைய தொழிற்பேட்டைகளில் சரக்கை உறையிட்டு விற்பவரே அந்த உறை குப்பையாகும்போதும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியை, ஐரோப்பா நம் தலையில் ஏற்றும் புதுச்சுமை என்று பலர் பேசுகிறார்கள். 1991-இல் ஜெர்மனி அப்படியொரு விதியைச் சட்டமாக்கியது உண்மைதான். ஆனால் உறைக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் வழக்கத்தை இந்த நாட்டு ரப்பர் அதற்கு முன்பே கண்டுவிட்டது.

புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளை அந்தக் காலத்தில் பெரிய பொதிகளாக அழுத்தினார்கள். பொதியின் மேலுறையும் ரப்பர் ஷீட்தான். பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க டால்க் கரைசலைப் பூசி, அதன்மேல் குறியெழுதிக் கப்பலேற்றினார்கள். பூசிய மாவும் ஒட்டிய தூசியும் வாங்குபவரின் ஆலைக்குத் தலைவலி. செயற்கை ரப்பர் சுத்தமான சிறு கட்டிகளாகச் சந்தைக்கு வந்தபோது இயற்கை ரப்பரும் மாறியாக வேண்டியதாயிற்று. 1965-இல் தரப்படுத்திய மலேசிய ரப்பர் திட்டம் வந்தது. சரக்கில் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்பதோடு, உறை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அது வரையறுத்தது. டன்னுக்கு முப்பது கட்டிகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத பாலித்தீன் தாள். அந்தத் தாள் தாழ்ந்த வெப்பத்திலேயே உருக வேண்டும். ஏனென்றால் டயர் ஆலையில் அதை உரித்து எறிவதில்லை. கட்டியோடு சேர்த்தே அரவை எந்திரத்தில் போடுவார்கள், தாள் உருகி ரப்பருக்குள் கரைந்துவிடும். உறையின் கடைசிக் கதியை அதைச் சுற்றுகிறவரே முன்கூட்டி யோசிக்க வேண்டும் என்பது அந்த விதிக்குள் அடங்கியிருந்தது. நம் பக்கத்துத் தொழில் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் விதி இது.

பினாங்கு பிறகு எடுத்த வழி வேறு. 2009-இல் வாரத்துக்கு ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்று தொடங்கி, 2011-இல் எல்லா நாளும் பைக்கு 20 சென் என்று ஆக்கினார்கள். அது வீண்போகவில்லை; கடைக்குப் பையோடு போகும் பழக்கம் வந்தது. ஆனால் அந்த 20 சென் கட்டியவர் வாங்குபவர். அந்தப் பைக்குள் போகும் மீ பாக்கெட்டும் ஷாம்பு உறையும் தொழிற்சாலையிலேயே சுற்றப்பட்டு வருபவை. அவற்றைத் தயாரித்தவரை அந்தக் கட்டணம் தொடவே இல்லை.

ரப்பருக்குத் தாளை விதித்தது டயர் ஆலையின் தேவை, மீ பாக்கெட்டின் உறையைத் திருப்பி வாங்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்க ஆளில்லாத இடத்தில்தான் சட்டம் அந்த ஆளாக நிற்க வேண்டும்: இந்த உறை திரும்பி வராவிட்டால் இவ்வளவு கட்டு என்று. சிறு ஆலைகள் தாங்குமா, விலை ஏறாதா என்பது அடுத்த தடை. ஏறும்தான். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இல்லாமலில்லை. குப்பை அள்ளும் நகராண்மைக் கழகத்துக்கு நாம் கட்டும் மதிப்பீட்டு வரிக்குள் ஒளிந்திருக்கிறது. உறையே வாங்காதவரும் அதைக் கட்டுகிறார். சிறு ஆலைக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம், கால அவகாசம் தரலாம். பொறுப்பையே நீக்குவது வேறு. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தில், சரக்கை விற்றவரே மிச்சத்தைத் திரும்ப எடுக்கும் முறைக்கு இடமிருக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்காத மாநிலங்களில் ஒன்று. சுங்கை பாக்காப்பின் உறைகளும் பினாங்குத் தீவின் உறைகளும் சேர்ந்து போகும் இடம் நிபோங் திபாலை அடுத்த பூலாவ் பூரோங் குப்பைமேடு. 2022 ஜனவரியில் அது தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள்.