அமெரிக்கக் கீழவைத் தொகுதிகளில் கட்சி முதல்நிலைத் தேர்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவைக்கு, அதாவது பிரதிநிதிகள் சபைக்கு, ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்காமல் தொகுதி வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்யும் தேர்தல் முதல்நிலைத் தேர்தல் (பிரைமரி) எனப்படும். இச்சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் நவம்பரில் பொதுத்தேர்தல் நடைபெறுவதால், அதற்கு முன்னரே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் நாள்களில் முதல்நிலைத் தேர்தல்கள் முடிந்துவிடுகின்றன. பெயரளவில் இது கட்சியின் உள்விவகாரம். ஆயினும் நாளைக் குறிப்பது, வாக்காளர் பட்டியலைப் பேணுவது, வாக்குச்சாவடி அமைப்பது, எண்ணி அறிவிப்பது ஆகிய அனைத்தும் மாநிலச் சட்டப்படி பொதுப்பணத்தில் நடப்பதால், வென்றவரைக் கட்சித் தலைவர் மாற்றிவிடவோ, விதிப்படி மனுச் செய்தவரை நிற்காமல் தடுக்கவோ இயலாது. பெரும்பாலான தொகுதிகள் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றின் கோட்டையாகவே இருந்துவருவதால், அங்கெல்லாம் நவம்பர் வாக்களிப்பு ஏறக்குறையச் சடங்காகிவிட, உண்மையான போட்டி வாக்காளரில் சிறு பகுதியினர் மட்டும் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே நடந்து முடிகிறது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் வேட்பாளர்களைத் தேர்ந்தவை கட்சி மாநாடுகள். வட்டாரக் கூட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்கள் மாநாட்டில் கூடி வாக்களித்தனர் என்பது ஏட்டளவில் இருந்த முறை. நியூயார்க் நகரின் டாமனி ஹால் போன்ற கட்சி அமைப்புகளில், பேராளர்கள் யாவர் என்பதையும் அவர்கள் யாருக்குக் கைதூக்க வேண்டும் என்பதையும் வேலைவாய்ப்பும் ஒப்பந்தங்களும் வழங்கும் நிலையில் இருந்த சில தலைவர்களே தீர்மானித்தனர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆளுநர் வேட்பாளராக முயன்று 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் குடியரசுக் கட்சி மாநாடுகளில் தோற்ற ராபர்ட் லா ஃபாலெட், பேராளர்கள் விலைக்கு வாங்கப்பட்டனர் எனக் குற்றஞ்சாட்டி, மாநாட்டையே ஒழித்துவிட்டு வாக்காளரிடம் நேரே செல்ல வேண்டும் என்பதைத் தம் அரசியலின் மையமாக்கினார். அவர் ஆளுநரான பின் 1903இல் இயற்றப்பட்ட சட்டம் 1904இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று 1906இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் இம்முறையைத் தழுவின. கடைசியாக இணங்கிய கனெக்டிகட் 1955 வரை காத்திருந்தது.

வாக்காளரிடம் அதிகாரத்தைக் கொடுப்பதற்கெனப் பிறந்த இதே முறை தெற்கு மாநிலங்களில் வாக்காளரில் ஒரு பெரும்பகுதியினரை வெளியே நிறுத்தும் கருவியாயிற்று. ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு வழியே இல்லாதிருந்த அப்பகுதியில் அக்கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என விதித்துவிட்டால், நவம்பரில் கறுப்பினத்தவர் வாக்களித்தாலும் அதற்குப் பொருள் இருக்கவில்லை. டெக்சாஸ் 1923இல் இதைச் சட்டமாகவே எழுதியது. எல் பாசோ நகர மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1927இல் அதைச் செல்லாததாக்கவே, மாநிலம் அவ்வதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் கொடுத்தது; 1932இல் அதுவும் வீழ்ந்தபோது கட்சி மாநாடே தன் விருப்பப்படி தீர்மானம் போட்டது. கட்சி ஒரு தனியார் சங்கம், அது யாரைச் சேர்ப்பது என்பதில் அரசமைப்புச் சட்டத்துக்கு வேலையில்லை என்ற வாதத்தை 1935இல் நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது கறுப்பினத்தவர் உரிமை பற்றிய வழக்கன்று. நியூ ஆர்லியன்ஸில் கீழவைக்கான முதல்நிலைத் தேர்தலொன்றில் வாக்குச்சீட்டுகளைத் திருத்தியதாக அலுவலர்கள்மீது வந்த வழக்காகும். அதில் 1941இல், முதல்நிலைத் தேர்தல் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையின் பிரிக்க முடியாத பகுதி என நீதிமன்றம் கூறியது. ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லானி ஸ்மித்துக்காகத் தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், இதன் தொடர்ச்சியாக, வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தல் 1944இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒழிக்கப்பட்டது. அரசு நடத்தும் தேர்தலில் தனியார் சங்கம் என்ற போர்வைக்கு இடமில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வாக்களிப்போரும் வெற்றிக்கான அளவும்

யார் வாக்களிக்கலாம் என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போவதில்லை. நியூயார்க், பென்சில்வேனியா போன்றவற்றில் நிலவும் மூடிய முறையில், வாக்காளராகப் பதியும்போது இன்ன கட்சியைச் சேர்ந்தவர் எனக் குறித்தவர்கள் மட்டுமே அக்கட்சியின் தேர்தலில் பங்கேற்க முடியும். இப்படிக் குறிப்பதற்குக் கட்டணமோ உறுப்பினர் அட்டையோ இல்லை, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதே போதும். திறந்த முறையைக் கொண்ட விஸ்கான்சின், டெக்சாஸ் போன்றவற்றில் எவரும் அன்றைய நாளில் ஏதேனும் ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைத் தேர்ந்துகொள்ளலாம். வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் கட்சிவாரித் தேர்தலையே கைவிட்டு, எல்லாக் கட்சி வேட்பாளரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, முதலிரண்டு இடம் பெறுவோரை நவம்பருக்கு அனுப்புகின்றன. இதனால் இறுதிப்போட்டியில் ஒரே கட்சியினர் இருவர் மோதுவது உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016இல் சியாட்டில் தொகுதியில் இவ்வாறே தம் கட்சியைச் சேர்ந்த இன்னொருவரைத் தோற்கடித்துச் சபைக்குள் நுழைந்தார்.

பெரும்பாலான மாநிலங்களில் பிறரைவிட ஒரு வாக்கு கூடப் பெற்றாலே போதுமாதலால், வேட்பாளர் பெருகும்போது வெற்றிக்கான அளவு சரிகிறது. மிச்சிகனின் 13ஆம் தொகுதியில் 2022இல் ஒன்பது பேர் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சித் தேர்தலில் ஸ்ரீ தானேதார் ஏறத்தாழ 28 விழுக்காடு பெற்று வென்றார். எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விரும்பாத ஒருவர் கட்சியின் வேட்பாளராவது இம்முறையின் பழைய குறை. ஜார்ஜியா, டெக்சாஸ் முதலிய தெற்கு மாநிலங்கள் பாதிக்கு மேல் வாக்குகள் கேட்டு, இல்லையெனில் முதலிருவருக்கு இரண்டாம் சுற்று நடத்துகின்றன. அச்சுற்றிலும் வாக்காளர் திரள்வதில்லை என்பது வேறு. டெக்சாஸின் 28ஆம் தொகுதியில் 2022 மே மாதம் ஹென்றி குவெல்லார் ஜெசிகா சிஸ்னெரோஸை 300-க்கும் குறைவான வாக்குகளில் வென்றதை மறுஎண்ணிக்கை உறுதிசெய்தது.

பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்பவருக்கு முதல் தடை வாக்காளர் அல்லர், மனுவே. நியூயார்க்கில் கீழவைத் தொகுதிக்கு மனுச் செய்பவர், தொகுதியில் அக்கட்சியினராகப் பதிந்தோரில் 1,250 பேரின் அல்லது ஐந்து விழுக்காட்டினரின் கையொப்பத்தை, இரண்டில் எது குறைவோ அதன்படி, சில வாரங்களுக்குள் திரட்ட வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு உரிய மனுத்தாள் பச்சை நிறத்தது; ஒவ்வொரு தாளிலும் கையொப்பமிட்ட நாள், முகவரி, திரட்டியவரின் உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். இட்டவர் வேறு கட்சியில் பதிந்தவர், தொகுதிக்கு வெளியே வசிப்பவர், முன்னரே இன்னொருவருக்கு இட்டவர் என்று ஒன்றொன்றாக எடுத்துக்காட்டி ஆட்சேபிப்பதையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் இருப்பதால், தேவைக்குச் சில மடங்கு அதிகமாகத் திரட்டுவதே வழக்கம். எதிர்மனு எதுவும் நிலைக்காவிடில் அத்தொகுதியில் தேர்தலே நடப்பதில்லை. எஞ்சிய ஒருவர் வேட்பாளராகிவிடுகிறார்.

நியூயார்க் 14ஆம் தொகுதி, 2018

மேற்கண்ட விதிகள் ஒரு போட்டியில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, பிராங்க்ஸின் கிழக்குப் பகுதியையும் குயின்ஸின் வடபகுதியில் சிலவற்றையும் கொண்ட 14ஆம் தொகுதியில் 2018 ஜூன் 26 அன்று நடந்த ஜனநாயகக் கட்சித் தேர்தலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தொகுதியின் உறுப்பினர் ஜோ கிரவுலி பத்தாம் முறையாகப் பதவியில் இருந்தார். சபையில் தம் கட்சிக் குழுவின் தலைவர், அடுத்த சபாநாயகராகக்கூடும் எனப் பேசப்பட்டவர், கூடவே குயின்ஸ் மாவட்டக் கட்சித் தலைவர். அவர் பதவிக்கு வந்த விதமே குறிப்பிடத்தக்கது. முன்னிருந்த தாமஸ் மேன்டன், அவரும் குயின்ஸ் கட்சித் தலைவரே, 1998இல் மறுதேர்தலுக்கு மனுச் செய்து, பிறர் மனுச் செய்யும் காலம் கடந்த பின் விலகிக்கொள்ள, காலியான இடத்தை நிரப்பும் கட்சிக் குழு கிரவுலியை நிறுத்தியது. முதல்நிலைத் தேர்தல் சட்டம் மாநாட்டை ஒழித்ததே தவிர, அதை இயக்கியவர்களின் கைத்திறனை ஒழிக்கவில்லை. 2004க்குப் பின் கிரவுலியை எதிர்த்து எவரும் களத்துக்கு வராததால், 14 ஆண்டுகள் அவருடைய தொகுதிக் கட்சியினர் இப்பதவிக்கான வாக்குச்சீட்டையே பார்க்கவில்லை.

எதிர்த்து நின்ற அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் 28 வயதினர். பிராங்க்ஸில் பிறந்த புவேர்ட்டோ ரிக்க வழியினர். 2016இல் அதிபர் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸுக்காக உழைத்தவர். போட்டியில் இறங்கியபோது மது அருந்தகமொன்றில் பரிமாறும் வேலையில் இருந்தவர். கிரவுலி தரப்பு 30 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டியிருக்க, இவரிடம் இருந்தது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. நிறுவனங்களின் அரசியல் நிதிக்குழுக்களிடம் பணம் பெறுவதில்லை என அறிவித்து, வீடுவீடாகச் செல்வதையும், தம் வாழ்க்கையைச் சொல்லும் இரண்டு நிமிடக் காணொளியையும் நம்பினார். எனினும் மிகக் கடினமாயிருந்தது நாட்காட்டி. நியூயார்க்கின் மூடிய முறையில் அந்த ஜூனில் வாக்களிக்க விரும்பிய பிற கட்சியினரும் கட்சி சாராதோரும் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே கட்சிப் பதிவை மாற்றியிருக்க வேண்டும். பெரும்பாலோர் போட்டி இருப்பதை அறியுமுன்பே அந்நாள் கடந்துவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, மாநிலப் பதவிகளுக்கான முதல்நிலைத் தேர்தல் அவ்வாண்டு தனியே செப்டம்பரில் நடந்ததால், ஜூன் வாக்குச்சீட்டில் கீழவைப் பதவியைத் தவிர வாக்காளரை ஈர்க்க வேறொன்றும் இல்லை.

குறைந்த வாக்குப்பதிவு பதவியில் இருப்பவருக்கே சாதகம் என்பது கட்சியினரின் நெடுநாள் நம்பிக்கை. கிரவுலி பிராங்க்ஸில் நடந்த விவாதமொன்றுக்குத் தாம் வராமல் முன்னாள் நகரமன்ற உறுப்பினர் ஒருவரை அனுப்பிவைத்ததும் அந்த நம்பிக்கையால்தான் போலும். நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில் அதைக் கண்டித்தது. முடிவில் ஒகாசியோ-கோர்டெஸ் 16,898, கிரவுலி 12,880 வாக்குகள் பெற்றனர். தொகுதியில் அக்கட்சியினராகப் பதிந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏழில் ஒருவர்கூட வரவில்லை என்பதைக் கருதினால், சில ஆயிரம் பேரைப் புதிதாக அழைத்துவந்தவர் வென்றார் என்பதே சரியான விளக்கம். அமைப்பு பலவீனப்படுத்தி வைத்த வாக்குப்பதிவு அமைப்பையே வீழ்த்திற்று. அன்றிரவு கிரவுலி தம் ஆதரவாளர்முன் கிதார் இசைத்து ஒரு பாடலை வென்றவருக்குக் காணிக்கையாக்கினார்.

அதன் பின்னும் அவர் பெயர் நவம்பர் வாக்குச்சீட்டில் இருந்தது. ஒருவரைப் பல கட்சிகள் நிறுத்த நியூயார்க் சட்டம் இடமளிக்கிறது. உழைக்கும் குடும்பங்கள் கட்சி அவரை முன்னரே நிறுத்தியிருந்தது. வேட்பாளர் இறந்தாலோ, மாநிலத்தை விட்டு வெளியேறினாலோ, வேறு பதவிக்கு நிறுத்தப்பட்டாலோ தவிரப் பெயரை எடுக்க வழியில்லை. பிரசாரமே செய்யாமல் அவர் 9,000-க்கு மேல் வாக்குகள் பெற்றார். ஒகாசியோ-கோர்டெஸ் 78 விழுக்காடு பெற்று வென்றார். இவ்விதிகளின் விசித்திரத்துக்கு இன்னொன்று: பக்கத்துத் தொகுதியான 15இல் சீர்திருத்தக் கட்சி எனும் சிறு கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஒன்பது பேர் ஒகாசியோ-கோர்டெஸின் பெயரைத் தாமாக எழுதி வாக்களித்ததால் அங்கும் வேட்பாளராகி, அவர் அதை மறுக்க வேண்டியிருந்தது. 2019இல் இரு முதல்நிலைத் தேர்தல்களும் ஜூனில் ஒன்றாக்கப்பட்டன. பதிவை மாற்றுவதற்கான கெடுவும் தேர்தல் ஆண்டின் பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது.

பதவியில் இருப்போரின் தோல்விகள்

இத்தகைய தோல்விகள் அரிது. பதவியில் இருந்து மறுபடி நிற்பவருள் மிகப் பெரும்பாலோர் எளிதாகவே வேட்பாளராகிறார்கள். ஆனால் ஒரு தோல்வி மற்ற நூறு பேரை அச்சுறுத்தப் போதும். வர்ஜீனியாவின் 7ஆம் தொகுதியில் 2014 ஜூன் 10 அன்று சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேன்டர், பொருளியல் பேராசிரியர் டேவ் பிராட்டிடம் தோற்றார். தம் கருத்துக்கணிப்பாளர் 34 புள்ளிகள் முன்னிலை எனக் கூறியிருந்த அவர், பிராட் மொத்தத் தேர்தலுக்கும் செலவிட்டதற்கு நெருங்கிய தொகையை இறைச்சி உணவகங்களில் மட்டும் செலவிட்டிருந்தது பின்னர் செய்தியாயிற்று. குடியேற்றச் சட்டத்தில் அவர் விட்டுக்கொடுப்பார் என்ற ஐயமே குடியரசுக் கட்சியினரிடம் பிராட் பயன்படுத்திய முதன்மை ஆயுதம். அவ்வாண்டில் அச்சட்டம் சபையில் எழவே இல்லை.

அண்மைக் காலத்தில் கணக்கை மாற்றியிருப்பது வெளிக்குழுக்களின் பணம். வேட்பாளருக்குத் தனிநபர் தரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு (முதல்நிலைத் தேர்தலுக்கு 2018இல் 2,700 டாலர், 2024இல் 3,300 டாலர்). வேட்பாளருடன் கலந்தாலோசிக்காமல் தனித்துச் செலவிடும் குழுக்களுக்கு வரம்பு இல்லை. இதன் விளைவை நியூயார்க்கின் 16ஆம் தொகுதி காட்டுகிறது. 2024இல் அங்கு ஜமால் போமனைத் தோற்கடித்த ஜார்ஜ் லாட்டிமருக்குச் சாதகமாக, இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபாக்குடன் இணைந்த ஒரு குழு மட்டும் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவிட்டது. கீழவைக்கான முதல்நிலைத் தேர்தல்களில் அதுவரை இல்லாத செலவு அது. போமன் அவ்விடத்துக்கு வந்ததும் 2020 முதல்நிலைத் தேர்தலில் 16 முறை உறுப்பினரான எலியட் எங்கலை வீழ்த்தியே. எங்கல் வந்ததோ 1988இல், ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலகிய பின்னும் வாக்குச்சீட்டில் பெயர் நீடித்த மரியோ பியாஜியை முதல்நிலைத் தேர்தலில் வென்று. எல்லைகளும் எண்களும் மாறினாலும் அப்பகுதியின் பிரதிநிதி மூன்று முறையும் மாறியது ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில்தான்.